பதின்மூன்றாம் வகை வீடு

நகரங்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முன்வாசல் வழியாகவே உள்ளே போகிறார்கள். கோட்டை, கொத்தளம், அரண்மனை, கோபுரம், சட்டசபை மண்டபம் எல்லாவற்றையும் பார்த்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. அரண்மனையில் விளக்கேற்றியவன் இரவில் எங்கே போய்ப் படுத்தான், மண்டபத்துக்குக் காகிதக் கட்டுகளைச் சுமந்தவன் எந்தத் தெருவில் குடியிருந்தான் என்று கேட்க அவர்களுக்கு அவகாசம் இருப்பதில்லை. கதை எழுதுகிறவனுக்கோ இந்தப் பின்வாசல் கேள்விதான் முதலில் எழுகிறது. மனிதர்களைப் பற்றி எழுதவேண்டுமானால் அவர்கள் எங்கே சமைத்தார்கள், எங்கே குளித்தார்கள், கோடை இரவில் எங்கே பாயை விரித்தார்கள் என்று தெரிந்தாக வேண்டும் அல்லவா?

சண்டிகர் என்றதும் படித்தவர்கள் வாயில் வரும் பெயர் லே கார்புசியே. அவர் எழுப்பிய உயர் நீதிமன்றமும், தலைமைச் செயலகமும், சட்டசபையும் 2016-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்துவிட்டன. அந்தக் கான்கிரீட் மாளிகைகளைப் புகழ்ந்தும் இகழ்ந்தும் எத்தனையோ மொழிகளில் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அவற்றைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது, அதே நகரத்தில் அதே வருஷங்களில் ஒரு பியூனுக்காகக் கட்டப்பட்ட வீட்டைப் பற்றி. சண்டிகரின் பெருமையும் சரி, சிறுமையும் சரி, அந்தச் சிறிய வீட்டை வைத்துப் பார்க்கும்போதுதான் தெளிவாக விளங்குகிறது.

கதை 1947-இல் தொடங்குகிறது. தேசம் இரண்டாகப் பிளந்தபோது பஞ்சாபும் பிளந்தது. அதன் பழம்பெரும் தலைநகரமான லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. இந்தியப் பக்கத்துப் பஞ்சாபுக்கு லட்சக்கணக்கில் அகதிகள் வந்து சேர்ந்தார்கள். ஆனால் தலைநகரம் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஊர் இல்லை. சர்க்கார் சிம்லா மலையில் தற்காலிகமாகக் குடியேறியது. இருக்கிற ஊர்களில் ஒன்றையே தலைநகரமாக்கலாமே என்று யோசித்தார்கள். ஆனால் எல்லா ஊர்களும் அகதிகளால் நிரம்பி வழிந்தன. கடைசியில் 1948-ஆம் ஆண்டு, சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்தில், மழைக் காலத்தில் மட்டும் ஓடும் இரண்டு காட்டாறுகளுக்கு நடுவிலே உள்ள சரிவான சமவெளியைத் தேர்ந்தெடுத்தார்கள். அருகில் ஒரு சண்டி கோயில் இருந்தது. ஊரின் பெயரும் அதிலிருந்தே பிறந்தது.

அந்த இடம் வெறும் பொட்டல் அல்ல. கோதுமை விளைந்த மண். நிழல் தந்த மாந்தோப்புகள். பரம்பரையாகக் குடியிருந்த மக்கள் நிறைந்த பல கிராமங்கள். லாகூரை இழந்தவர்களுக்கு வீடு கட்ட, இந்தக் கிராமத்தார் தங்கள் வீடுகளை இழக்க வேண்டியிருந்தது. அவர்கள் எதிர்த்தார்கள், முறையிட்டார்கள். ஆனாலும் நிலம் எடுக்கப்பட்டது. அகதிகளுக்காகப் பிறந்த நகரம் தானும் சில அகதிகளை உண்டாக்கிவிட்டுத்தான் பிறந்தது. இதைச் சொல்லாமல் சண்டிகரின் கதையைச் சொல்வது நியாயமாகாது.

முதலில் அழைக்கப்பட்டவர் கார்புசியே அல்லர். அமெரிக்காவைச் சேர்ந்த ஆல்பர்ட் மேயர் என்பவர் 1950-இல் ஒரு திட்டம் வரைந்தார். வளைந்து செல்லும் தெருக்கள், தனித்தனிக் குடியிருப்புப் பேட்டைகள், நடுவே பசுமை என்று விசிறி வடிவில் ஓர் ஊர். அவருக்குத் துணையாக நின்ற போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் மத்தேயு நொவிட்ஸ்கி அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில் எகிப்தில் நேர்ந்த விமான விபத்தில் மாண்டுபோனார். திட்டம் பாதியில் நின்றது. நிர்வாகி பி.என். தாப்பரும் தலைமை எஞ்சினீயர் பி.எல். வர்மாவும் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார்கள். லண்டனில் மாக்ஸ்வெல் ஃபிரை, அவர் மனைவி ஜேன் ட்ரூ என்ற இருவரையும், பாரிஸில் கார்புசியேயையும், அவருடைய சிற்றப்பா பெரியப்பா வழிச் சகோதரரான பியர் ஜான்னரேயையும் ஒப்புக்கொள்ள வைத்தார்கள். 1951 பிப்ரவரியில் கார்புசியே வந்தார். சில நாட்களிலேயே மேயரின் வளைவுகளை நிமிர்த்திச் சதுரங்கக் கட்டங்களாக்கினார். கட்டம் ஒவ்வொன்றும் 800 மீட்டர் அகலம், 1200 மீட்டர் நீளம். அதற்கு ‘செக்டர்’ என்று பெயர். பள்ளிக்கூடம், கடைத்தெரு, வைத்திய சாலை, பூங்கா எல்லாம் அதற்குள்ளேயே. குழந்தை வேகமான சாலையைக் கடக்காமல் பள்ளிக்கூடம் போய் வரவேண்டும் என்பது கணக்கு.

கார்புசியே வருஷத்தில் இரண்டு தடவை வந்து போனார். அவர் மனமெல்லாம் நகரின் தலைப்பக்கத்தில் எழும்பிய மாளிகைகளில் இருந்தது. குடியிருக்கும் வீடுகளைக் கட்டும் பொறுப்பு மற்ற மூவரிடமும், அவர்களோடு சேர்ந்து வேலை கற்று வேலை செய்த எம்.என். சர்மா, ஜீத் லால் மல்ஹோத்ரா, ஆதித்ய பிரகாஷ், ஊர்மிளா யூலி சௌத்ரி முதலிய இளம் இந்தியர்களிடமும் வந்து சேர்ந்தது. புகழ் ஒரு பக்கமும் உழைப்பு ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிட்ட எத்தனையோ காரியங்களில் இதுவும் ஒன்று.

சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்காகப் பதின்மூன்று வகை வீடுகள் என்று தீர்மானமாயிற்று. முதல் வகை, முதன் மந்திரிக்கு. அதற்கடுத்தவை மந்திரிகள், நீதிபதிகள், பெரிய அதிகாரிகள் என்று படிப்படியாக இறங்கும். குமாஸ்தாக்களைத் தாண்டிப் பதின்மூன்றாவது படியில் பியூன் நிற்பான். சம்பளத்தின் ஏணியை அப்படியே செங்கல்லில் கட்டினார்கள் என்று சொல்லலாம். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. செக்டர்களுக்கு எண் கொடுத்தபோது, 13 அபசகுனம் என்று அந்த எண்ணையே விட்டுவிட்டார்கள். 12-க்கு அடுத்தது 14. ஆனால் வீட்டு வகைகளில் 13-ஐ விடவில்லை. அந்த எண் பியூனுக்குப் போயிற்று! துரதிருஷ்டத்தையும் யாரோ ஒருவர் வைத்துக்கொள்ளத்தானே வேண்டும்?

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பதின்மூன்றாம் வகை வீட்டின் உள்ளே நுழைந்து பார்த்தால் கேலி நின்றுவிடும். இரண்டு அறைகள். ஒரு சமையலறை. ஒரு தாழ்வாரம். சுவர் எழுப்பிய முற்றம். குளிக்கத் தனி இடம். தண்ணீர் ஊற்றினால் கழுவிக்கொண்டு போகும் கக்கூஸ். குழாய்த் தண்ணீர், மின்சார விளக்கு. அவ்வளவுதான். இன்று இதைப் படிக்கிறவர்கள், ‘இது என்ன பெரிய விஷயம்?’ என்று கேட்கலாம். 1950-களின் இந்தியாவை நினைத்துக்கொண்டு இந்தப் பட்டியலை மறுபடியும் ஒரு தடவை படிக்க வேண்டும். ஒண்டுக் குடித்தனங்களில் காலம் தள்ளியவர்களுக்கு இதன் அருமை தெரியும். விடியற்காலையில் ஒரே ஒரு கக்கூஸுக்கு முன்னால் பத்துக் குடும்பங்கள் காத்துக் கிடந்த தேசம் இது. தகுதியுள்ள நாகரிகம் படைத்த குடும்பங்களிலேயே மனித மலத்தை மனிதன் தலையில் சுமந்துகொண்டு போன தேசம். அந்தக் காலத்தில் ஒரு நகரம், தன் மிகக் குறைந்த சம்பளக்காரன் வீட்டிலும் கழிவுநீர்க் குழாய் போட்ட பிறகே குடிவர அழைத்தது என்றால், அதைச் சிறிய காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். சட்டசபையின் கோபுரத்தைக் காட்டிலும் இந்தக் குழாய்தான் எனக்குப் பெரிய நவீனமாகத் தோன்றுகிறது.

பணமோ மிகக் குறைவு. சிமெண்டும் இரும்பும் கிடைப்பது அரிது. கிடைத்த கான்கிரீட்டெல்லாம் மாளிகைகளுக்குப் போயிற்று. வீடுகளுக்குக் கிடைத்தது செங்கல். சுற்றுப்புறத்து மண்ணை அறுத்து, காளவாயில் சுட்ட செங்கல். குறையென்று தோன்றிய இதையே அவர்கள் நிறையாக்கிக்கொண்டார்கள். சுண்ணாம்பு பூசுவதற்கும் செலவு என்பதால் செங்கல்லை அப்படியே வெளியே தெரியும்படி விட்டார்கள். வீடுகளைத் தனித்தனியாகக் கட்டாமல், பக்கத்துச் சுவர் பொதுச் சுவராக இருக்கும்படி வரிசையாகக் கட்டினார்கள். இதனால் சுவர்ச் செலவு குறைந்தது; வெயில் படும் சுவரும் குறைந்தது. அந்தப் பிரதேசத்தில் கோடை வந்தால் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டிவிடும். மார்கழி தையிலோ எலும்பைத் துளைக்கும் குளிர். கண்ணாடி ஜன்னல் வைக்க வசதியில்லாத இடங்களில் செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கி ‘ஜாலி’ கட்டினார்கள். காற்று வரும், வெயில் வராது, உள்ளே இருக்கும் பெண்கள் தெருவைப் பார்க்கலாம், தெருவில் போகிறவர்கள் அவர்களைப் பார்க்க முடியாது. மொகலாயர்கள் பளிங்கில் செதுக்கிய அதே ஜாலிதான். பியூன் வீட்டில் அது செங்கல்லாக இறங்கி வந்தது.

ஜேன் ட்ரூ ஒரு விஷயத்தில் மற்ற நிபுணர்களிடமிருந்து வேறுபட்டவர். குடியிருக்கப் போகிறவர்களின் பழக்கம் என்ன என்று விசாரித்துவிட்டுத்தான் கோடு போடுவார். இங்கே பெண்கள் தரையில் உட்கார்ந்து சமைக்கிறார்கள். கோடையில் குடும்பமே வெளியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுத் தூங்குகிறது. பகல் முழுவதும் வாழ்க்கை அறைக்குள் அல்ல, முற்றத்தில் நடக்கிறது. இவற்றையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் லண்டன் வீட்டைச் சுருக்கி இங்கே வைத்தால் அது வீடாகுமா? முற்றத்தை ஓர் அறையாகவே எண்ணி அவர்கள் கணக்கில் சேர்த்தார்கள். அதற்குக் கூரை போடும் செலவும் கிடையாது!

ஃபிரையும் ட்ரூவும் மூன்று வருஷ ஒப்பந்தம் முடிந்து 1954-இல் போய்விட்டார்கள். ஜான்னரே போகவில்லை. தலைமைக் கட்டடக் கலைஞராக 1965 வரையில் அங்கேயே இருந்தார். பெரிய பெயர் பெற்ற உறவினரின் நிழலில் நின்ற இந்த மனிதர், ஊரில் யார் வேண்டுமானாலும் நெருங்கக்கூடியவராக எளிமையாக வாழ்ந்தார். வீடுகள், பள்ளிக்கூடங்கள், கல்லூரி விடுதிகள் என்று அவர் கைபட்ட கட்டடங்கள் எண்ணில் அதிகம். சர்க்கார் அலுவலகங்களுக்காகத் தேக்கிலும் பிரம்பிலும் அவர் நாற்காலிகள் செய்யக் கற்றுக்கொடுத்தார். பிற்காலத்தில் கால் உடைந்ததென்று தட்டுமுட்டுச் சாமானோடு ஏலத்தில் தள்ளப்பட்ட அந்த நாற்காலிகள், கடல் கடந்து போய் ஐரோப்பிய ஏலங்களில் லட்சக்கணக்கில் விலைபோகின்றன. நோய் காரணமாகச் சொந்த நாடு திரும்பி, 1967-இல் ஜெனீவாவில் காலமானார் ஜான்னரே. அவர் விருப்பப்படி அவருடைய அஸ்தியைச் சண்டிகருக்குக் கொண்டுவந்து சுக்னா ஏரியில் கரைத்தார்கள்.

ஏரி என்றதும் மரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டுமானால் எம்.எஸ். ரந்தாவாவைச் சொல்லியாக வேண்டும். ரந்தாவா ஐ.சி.எஸ். அதிகாரி, ஆனால் படிப்பால் தாவர சாஸ்திரி. நீர்ப்பாசிகளை ஆராய்ந்தவர். பிரிவினைக்குப் பிறகு பஞ்சாபில் அகதிகளுக்கு நிலம் பங்கிட்டுக் குடியமர்த்தும் பெரும் பொறுப்பில் இருந்தவர். வேரோடு பிடுங்கப்பட்டவர்களுக்கு இடம் தேடிக்கொடுத்த கை, பிறகு ஒரு நகரம் முழுவதும் மரம் நட்டது. இந்தச் சாலைக்குச் சரக்கொன்றை, அந்தச் சாலைக்கு மந்தாரை, வேறொன்றுக்கு ஜகரண்டா என்று, பூக்கும் பருவத்தையும் நிறத்தையும் பார்த்து மரங்களைத் தேர்ந்தார்கள். சித்திரை வெயிலில் ஒரு தெரு முழுவதும் மஞ்சளாகத் தொங்கும். இன்னொரு தெரு ஊதாவாகச் சிரிக்கும். மண்ணரித்துக் கிடந்த ஓடைப் பள்ளத்தைத் தூர்க்காமல், நகரின் குறுக்கே நீளும் பூங்காத் தொடராக்கினார்கள். சுக்னா காட்டாற்றைக் குறுக்கே அணைகட்டித் தடுத்து 1958-இல் ஏரியை உண்டாக்கினார்கள். அணைக்கரையின் மேல் மோட்டார் வண்டி போகக்கூடாது, ஏரியின் அமைதி கெடக்கூடாது என்பதில் கார்புசியே பிடிவாதமாக இருந்தார். 1967-இல் முப்பது ஏக்கரில் ரோஜாத் தோட்டம் வந்தது. அதுவும் ரந்தாவாவின் முயற்சியே.

வீட்டு விலையைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் வெட்டுப்படுவது மரமும் பூங்காவும்தான். ‘ஏழைக்குக் கூரை போதாதா, பூ எதற்கு?’ என்று கணக்குப் பிள்ளைகள் கேட்பார்கள். சண்டிகரில் அப்படிக் கேட்கவில்லை. இரண்டே அறையுள்ள வீட்டில் பிறந்த குழந்தைக்கும் வாசலுக்கு எதிரே ஒரு திடல் இருந்தது. உள்ளே இடம் குறைவாக இருக்கிறவனுக்குத்தான் வெளியே இடம் அதிகம் வேண்டும் என்ற எளிய உண்மையை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இவ்வளவு தூரம் புகழ்ந்த பிறகு ஒரு கேள்வியைக் கேட்காமல் விட முடியாது. முதல் வகையிலிருந்து பதின்மூன்றாம் வகை வரையில் யார் யாருக்கோ வீடு கட்டினார்களே, அந்த வீடுகளைக் கட்டினவர்கள் எங்கே குடியிருந்தார்கள்?

1950-களில் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. கான்கிரீட் மாளிகைகளின் சாரத்தில், தலையில் சாந்துச் சட்டியுடன் பெண்கள் வரிசையாக ஏறிப் போகிறார்கள். யந்திரம் இல்லாத குறையைத் தீர்த்தவை அந்தத் தலைகள். பல இடங்களிலிருந்தும் பஞ்சம் பிழைக்க வந்த அந்தக் கூலிக்காரர்கள் சர்க்கார் சிப்பந்திகள் அல்லர். ஆகையால் பதின்மூன்று வகைகளில் எதிலும் அவர்களுக்கு இடமில்லை. வேலை முடிந்ததும் போய்விடுவார்கள் என்று திட்டக்காரர்கள் நினைத்தார்கள். நகரம் கட்டுகிற வேலை என்றைக்காவது முடிகிறதா? அவர்கள் போகவில்லை. தகரமும் சாக்கும் வைத்துக் குடிசை போட்டுக்கொண்டு தங்கினார்கள். பெரிய தோட்டம் வைத்த வீடுகளுக்குத் தோட்டக்காரர்களானார்கள், பாத்திரம் தேய்த்தார்கள், தள்ளுவண்டியில் காய்கறி விற்றார்கள். தள்ளுவண்டிக்கும் திட்டத்தில் இடமில்லை. நகரம் அவர்களிடம் வேலை வாங்கிக்கொண்டது. வரைபடத்தில் மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. மது சரின் என்ற ஆராய்ச்சியாளர் 1982-இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தக் குறையை விரிவாக எடுத்துக்காட்டினார்.

இன்னொரு காரணமும் உண்டு. நகரம் கண்டபடி வீங்கக்கூடாது என்று 1952-இலேயே ஒரு சட்டம் போட்டார்கள். சுற்றிலும் ஐந்து மைல் தூரத்துக்கு அனுமதியில்லாமல் கட்டடம் கூடாது. 1962-இல் அதைப் பத்து மைலாக்கினார்கள். நோக்கம் நல்லது. ஆனால் உள்ளே மனை விலை எட்டாதவனுக்கு வெளியேயும் குடிசை போடும் உரிமை போயிற்று. அழகுக்காகப் போட்ட வேலி ஏழையை எந்தப் பக்கம் நிறுத்துகிறது என்பதை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

1966 நவம்பர் முதல் தேதி பஞ்சாப் மறுபடியும் பிரிந்தது, ஹரியானா பிறந்தது. சண்டிகர் மத்திய சர்க்காரின் நேர் நிர்வாகத்துக்கு வந்து, இரண்டு மாநிலங்களுக்கும் தலைநகரமாயிற்று. முதலில் ஒன்றரை லட்சம், பிறகு ஐந்து லட்சம் ஜனங்கள் என்று வரைந்த நகரம் அது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த யூனியன் பிரதேசத்தின் ஜனத்தொகை 10,55,450. வீட்டு வசதி வாரியம் 1976-இல் வந்தது. குடிசைவாசிகளுக்கு அடுக்கு வீடு கட்டும் திட்டம் 2006-இல் வந்தது. 2013-இல் தனாஸ் பகுதியில் 8,448 சிறிய வீடுகளைப் பிரதம மந்திரி மன்மோகன் சிங் வழங்கினார். ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது பொய். ஆனால் காலனி நம்பர் 4 என்ற பெரிய குடிசைப் பகுதியை இடித்துத் தள்ளிய தேதி 2022 மே 1. தொழிலாளர் தினம்! நாவலில் இப்படி எழுதினால், ‘செயற்கையாக இருக்கிறது’ என்று விமர்சகர்கள் சொல்வார்கள்.

சண்டிகரில் கார்புசியேயின் மாளிகைகளுக்குச் சமீபத்திலேயே வேறொரு விசித்திரம் இருக்கிறது. நேக் சந்த் என்பவர் மராமத்து இலாகாவில் சாலை இன்ஸ்பெக்டர். பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போய்விட்ட ஒரு கிராமத்திலிருந்து வந்தவர். இடிக்கப்பட்ட கிராமங்களின் குப்பையிலிருந்து உடைந்த வளையல், ஓடு, பீங்கான், கூழாங்கல் எல்லாவற்றையும் பொறுக்கி, சைக்கிளில் வைத்துக் காட்டுக்குள் கொண்டுபோய், 1950-களின் பிற்பகுதியிலிருந்து ரகசியமாகப் பொம்மைகள் செய்துகொண்டிருந்தார். மனிதர்கள், பெண்கள், மிருகங்கள், ஒரு முழு ராஜ்யம். சட்டப்படி அது ஆக்கிரமிப்பு. 1970-களில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது இடித்திருக்கலாம். நல்ல வேளையாக இடிக்கவில்லை; 1976-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். திட்டத்தில் இடம் பெறாத கிராமங்கள் உடைந்த வளையல்களாகவாவது நகரத்துக்குள் திரும்பி வந்துவிட்டன. ஒரு குமாஸ்தா தரத்துச் சிப்பந்தியின் ஆக்கிரமிப்பை மன்னித்த நகரம், கூலிக்காரனின் குடிசையை மன்னிக்கவில்லை என்பதையும் கூடவே நினைத்துக்கொள்ள வேண்டும்.

‘சண்டிகர் வெற்றியா, தோல்வியா?’ என்று கேட்பது நாகரிகமாகிவிட்டது. பதின்மூன்றாம் வகை வீட்டில் குடிபுகுந்த பியூனின் மனைவியைக் கேட்டால் ஒரு பதில் கிடைக்கும். அந்த வீட்டுக்குச் செங்கல் சுமந்தவளைக் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். இரண்டும் உண்மை. ஏழைக்கு நல்ல வீடு கட்டப் பெரும் பணம் வேண்டும் என்ற சாக்கைச் சண்டிகர் பொய்யாக்கியது. செங்கல்லும், முற்றமும், குழாயும், எதிரே ஒரு மரமும், குடியிருப்பவனைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமையும் இருந்தால் போதும் என்று காட்டியது. ஆனால் யாரை ஏழை என்று கணக்கில் எழுதுவது என்ற இடத்தில் அதன் கை நின்றுவிட்டது. சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தால் வீடு, இல்லாவிட்டால் இல்லை.

நம் தேசத்தில் இன்றும் புதிய தலைநகரங்களும் புறநகரங்களும் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குப் படம் போடுகிறவர்கள் சண்டிகருக்குப் போனால் சட்டசபையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். செக்டர் 22 பக்கமாக நடந்து, பழைய செங்கல் வரிசை வீடுகளையும் கொஞ்சம் நின்று பார்க்கட்டும். திரும்பி வந்து பதின்மூன்று வகை வீடுகளை வரைவதற்கு முன்னால், முதல் செங்கல்லை எடுத்துவைக்கப் போகிறவளுக்கு ஒரு வீடு வரையட்டும். அதை முதலில் கட்டட்டும்.